கல் தெரிந்த பிறகு

குழந்தைக்கு வயிற்று வலி என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வரும் சொல் "பூச்சி". அடுத்தது "கண்ணு பட்டுருக்கு". பள்ளிக்கூடம் திறந்திருக்கும் மாதமாக இருந்தால் மூன்றாவதாக ஒன்று வரும்: "சும்மா நடிக்கிறான்". பொம்மையார்பாளையம் மாதிரியான கடலோர ஊரில் ஓமத் தண்ணி, பெருங்காயத் தண்ணி, குடல் தட்டிவிடும் பாட்டி, மருந்துக்கடைக்காரர் எடுத்துத் தரும் பாட்டில் மருந்து என்று எல்லாம் பார்த்த பிறகுதான் டாக்டர். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. பெரும்பாலான குழந்தைகளின் வயிற்று வலி இதற்குள் தானாகவே போய்விடும்.

போகாத வலி ஒன்று இருக்கிறது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும். குழந்தை முன்னால் குனிந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் ஆட்டிவைத்துவிட்டுப் போய்விடும். பிறகு சில மாதங்களுக்கு ஒன்றுமே இருக்காது. ஓடும், கடலில் குதிக்கும், சண்டை போடும். அந்த நல்ல நாட்கள்தான் அதற்கு எதிரான சாட்சி. நேற்று துடித்த பிள்ளை இன்று பட்டம் விட்டால், நேற்றைய துடிப்பை யார் நம்புவார்கள்? கணைய அழற்சி என்று இன்று நாம் சொல்லும் இந்த நோய்க்குக் குழந்தைகளிடம் ஒரு தென்னிந்திய வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் பெரும்பகுதி படங்களால் எழுதப்பட்டது. எந்தக் கருவி எதைக் காட்டியதோ, அதுதான் அந்தந்தக் காலத்தில் நோய்.

முதலில் உறுப்பைப் பற்றி. பழைய தமிழில் கணையமரம் என்றால் கதவுக்குக் குறுக்கே போடும் மரம். வயிற்றுக்குள் இருக்கும் கணையமும் அப்படித்தான் கிடக்கிறது: இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே, தலைப்பக்கம் முன்சிறுகுடலின் வளைவிலும் வால்பக்கம் மண்ணீரலை ஒட்டியும். சைக்கிளிலிருந்து விழும் பையனின் வயிற்றில் ஹேண்டில்பார் குத்தினால் கணையம் முதுகெலும்பின்மேல் நசுங்குவது இதனால்தான். குழந்தைகளின் கணைய அழற்சிக்கு அதுவும் ஒரு காரணம். பித்தக்கல், புட்டாளம்மை, வலிப்புக்குத் தரும் சில மாத்திரைகள், பித்தநாளத்தின் பிறவிக் குறைகள் என்று வேறு காரணங்களும் உண்டு.

கணையத்தைக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது. தட்டிப் பார்த்தாலும் ஒன்றும் கேட்காது. ஆகவே இறந்த உடலைத் திறந்து பார்ப்பதுதான் வெகுகாலம் ஒரே வழியாக இருந்தது. 1788-ல் தாமஸ் காலி என்ற ஆங்கில மருத்துவர், நீரிழிவில் இறந்த ஒருவரின் கணையத்தில் கற்கள் இருந்ததை எழுதினார். சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்பதற்கு மிகப் பழைய தடயங்களில் அது ஒன்று. ஆனால் அவர் பார்த்தது வளர்ந்த மனிதர் ஒருவரை. குழந்தையின் கணையத்தில் கல் இருக்கக்கூடும் என்று யோசிக்கவே யாருக்கும் காரணம் இல்லை.

1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது 1934-ல். இங்கே ஒரு வேடிக்கை. எக்ஸ்ரேயில் கணையம் தெரியாது. ஈரல், இரைப்பை, குடல், கணையம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. படத்தில் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். பேரியம் குடிக்கவைத்துப் படம் எடுத்தால் குடலின் வளைவு விரிந்திருப்பதையும் இரைப்பை தள்ளப்பட்டிருப்பதையும் பார்த்து, பின்னால் கணையம் வீங்கியிருக்கலாம் என்று ஊகிப்பார்கள். பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டதை வைத்து இந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்வது மாதிரி. எக்ஸ்ரேயில் நேராகத் தெரிவது சுண்ணாம்பு ஏறிய கல் மட்டும்தான். முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் உயரத்தில், முதுகெலும்பின் இரண்டு பக்கமும், உடைத்த கற்கண்டு சிதறின மாதிரி வெள்ளையாக.

1930களின் இறுதியில் இந்தியாவிலிருந்து எம்.ஜி. கினி என்ற அறுவை மருத்துவர் கணையக் கற்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அது தனி நோயாளி ஒருவரின் கதையாகவே நின்றுபோனது. 1959-ல் இந்தோனேசியாவில் பணியாற்றிய சுய்டெமா, சத்துக்குறைவான ஏழை நோயாளிகளிடம் கணையம் சுண்ணாம்பேறிக் கிடப்பதையும் கூடவே சர்க்கரை நோய் இருப்பதையும் பதிவு செய்தார். ஐரோப்பியப் பாடப்புத்தகங்களில் நாள்பட்ட கணைய அழற்சி என்றால் பல வருஷம் குடித்த நடுவயது ஆணின் நோய். சுய்டெமாவின் நோயாளிகள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

கதையின் மையம் கேரளம். 1962-ல் பேராசிரியர் பி.ஜே. கீவர்கீஸும் அவருடைய சகாக்களும் கணையம் கெட்டு வரும் சர்க்கரை நோயைக் கண்டறிவது பற்றி எழுதிய கட்டுரை இந்திய மருத்துவர் சங்க இதழில் வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் சி.எஸ். பிச்சுமணி, பின்னாளில் அமெரிக்காவில் கணைய நோய் நிபுணராகப் பெயர் பெற்றவர். கீவர்கீஸ் அத்தோடு விடவில்லை. ஆண்டுக்கணக்காக நோயாளிகளைச் சேர்த்தார், 1968-ல் ஒரு புத்தகம், 1980களில் இன்னொன்று. உலகில் ஒரே மருத்துவர் சேர்த்த இத்தகைய நோயாளிகளின் தொகுப்புகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அவருடையது. இந்த நோயின் போக்கை அவர் மூன்று கட்டமாகச் சொன்னார்: சிறுவயதில் வயிற்று வலி, பருவ வயதை ஒட்டிச் சர்க்கரை, வாழவேண்டிய வயதில் சாவு. இன்றுவரை கட்டுரைகளில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்படும் வரிசை இது. குடிப்பழக்கமே இல்லாத, பீர் பாட்டிலைத் தொட்டுப் பார்க்காத பிள்ளைகள் இவர்கள்.

அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதையும் அந்தக் கால மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். ஒட்டிய உடம்பு, உப்பிய கன்னம் (உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியதால்), லேசாக நீலம் பாய்ந்த உதடு. ரத்தத்தில் சர்க்கரை 400, 500 என்று இருக்கும். இன்சுலின் இல்லாமல் முடியாது. ஆனாலும் மற்ற குழந்தைச் சர்க்கரை நோயாளிகளைப் போல ரத்தம் அமிலமாகி மயக்கத்தில் விழமாட்டார்கள். மருத்துவர்களைக் குழப்பிய விஷயம் இது. வயிற்றை ஒரு சாதா எக்ஸ்ரே எடுத்தால் குழப்பம் தீரும்: கல் இருக்கும். அதுவும் எப்படிப்பட்ட கல்! குடியால் வரும் கணைய நோயில் கற்கள் பொடிப்பொடியாக, ஓரம் மங்கலாக இருக்கும். இவர்களுடையவை பெரியவை, ஓரம் தெளிவானவை, முதன்மைக் குழாய்க்குள்ளேயே அடைத்துக் கிடப்பவை. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது நம் சுண்ணாம்புக் கல்லின் சரக்கு.

அந்த எக்ஸ்ரேயின் மதிப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பத்து வருஷமாகப் "பூச்சி", "நடிப்பு" என்று கேட்டுவந்த ஒரு பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு சாட்சி கிடைத்தது. வெளிச்சப் பெட்டியில் மாட்டிய படத்தை அப்பாவும் பார்க்கலாம், பாட்டியும் பார்க்கலாம். "இந்தா பாருங்க, கல்லு". ஆனால் அந்தச் சாட்சி வந்த நேரத்தைக் கவனியுங்கள். கல் தெரியும்போது கணையத்தின் பெரும்பகுதி நாராகியிருக்கும், குழாய் விரிந்திருக்கும், இன்சுலின் சுரக்கும் செல்கள் அழியத் தொடங்கியிருக்கும். மூன்று கட்டத்தில் இரண்டாவதை நெருங்கிய பிறகுதான் எக்ஸ்ரே முதல் கட்டத்தை ஒத்துக்கொண்டது. கல் இல்லாத வலி, படத்தின் கணக்கில் வலியே இல்லை. கல்லை வைத்தே நோய்க்குப் பெயரும் வைத்தார்கள்: வெப்பமண்டலக் கல் கணைய அழற்சி.

ஏன் வருகிறது என்ற கேள்விக்குக் கேரளத்தில் விடை சாப்பாட்டுத் தட்டிலேயே இருப்பதுபோலத் தோன்றியது. மரவள்ளி. 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்த பயிர். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது மக்களைக் காப்பாற்றிய கிழங்கு. அதில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. நல்ல புரதம் சாப்பிடுகிற உடம்பு கந்தகமுள்ள அமினோ அமிலங்களைக் கொண்டு அந்த நஞ்சை முறித்துவிடும். ஏழைக் குழந்தையின் உடம்பில் அதற்கு வழியில்லை. 1979-ல் மக்மில்லனும் கீவர்கீஸும் இந்தக் கருதுகோளை வெளியிட்டார்கள். கேட்க அழகான விளக்கம். எனக்குக்கூட முதலில் படித்தபோது இதுதான் சரி என்று பட்டது, ஏனென்றால் பழைய விழுப்புரம் மாவட்டத்தின் மேற்கே, இன்றைய கள்ளக்குறிச்சிப் பக்கம், மரவள்ளிக்காட்டைப் பார்க்காமல் பஸ்ஸில் போகமுடியாது.

ஆனால் மரவள்ளியே சாப்பிடாத வீடுகளிலும் இந்த நோய் இருந்தது. சென்னையில் எம். விஸ்வநாதனும் வி. மோகனும் பார்த்த நோயாளிகளில் பலர் அப்படிப்பட்டவர்கள். மறுபக்கம், மரவள்ளியே முக்கிய உணவாக இருக்கும் ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் நோய் அந்த அளவுக்கு இல்லை. 2000-ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில் எலிகளுக்கு நீண்டநாள் மரவள்ளி கொடுத்துப் பார்த்தார்கள். கணைய அழற்சியும் வரவில்லை, சர்க்கரையும் வரவில்லை. சத்துக்குறைவும்கூடக் காரணமா, நோயின் விளைவா என்று சந்தேகம் வந்தது. செரிமான நொதி சுரக்காத குழந்தை மெலியத்தானே செய்யும்? எக்ஸ்ரே காட்டியது கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும். மெலிந்த உடம்பும் கல்லும் ஒரே படத்தில் இருந்தன. எது முன்னால் வந்தது என்பதைப் படம் சொல்லாது.

1985-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு, சத்துக்குறைவோடு தொடர்புடைய சர்க்கரை நோய் என்று ஒரு தனிவகையை ஏற்றுக்கொண்டு, கணையக் கல்லோடு வருவதை அதன் ஒரு கிளையாக வைத்தது. 1999-ல் அந்த வகையையே எடுத்துவிட்டார்கள். கல்லோடு வருவது வெறும் கணைய நோய்களின் பட்டியலுக்கு மாறியது. இன்னொரு கிளை, கல் இல்லாதது, பட்டியலிலிருந்தே காணாமல் போயிற்று. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 'ஐந்தாம் வகை' என்ற பெயரில் சத்துக்குறைவுச் சர்க்கரையைத் திரும்ப அழைத்து வந்தது. அதற்கான ஆய்வில் வேலூர் சி.எம்.சி.க்கு முக்கியப் பங்கு. படத்தில் காட்ட ஒரு கல் இல்லாததால்தான் அந்தக் கிளை இவ்வளவு சுலபமாகத் தொலைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1970களின் கடைசியிலும் 80களிலும் அல்ட்ராசவுண்ட் பரவியது. நம் ஊர் வாயில் அது வெறும் "ஸ்கேன்". இப்போதுதான் முதன்முதலாகக் கணையமே தெரிந்தது: அதன் பருமன், அதன் ஓரம், நடுவில் ஓடும் குழாயின் அகலம். பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அது நன்றாகவே தெரியும். கொழுப்பு குறைவு, ஈரலின் இடது மடல் பெரியது. ஒலி அந்த ஈரலைச் சன்னலாகக் கொண்டு உள்ளே போகும். கதிர்வீச்சு இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே வலி வந்த நாளில் வீங்கியிருந்ததையும் வலி போன பிறகு வீக்கம் வடிந்ததையும் ஒப்பிட முடிந்தது. கல் இன்னும் விழாத, ஆனால் குழாய் விரியத் தொடங்கிய ஒரு குழந்தையைப் பார்க்க முடிந்தது.

இந்த இடத்தில் காஷ்மீரிலிருந்து ஒரு கதை. ஸ்ரீநகரில் முகமது குரூ என்ற மருத்துவரும் சகாக்களும், நாக்குப்பூச்சி குடலிலிருந்து ஏறிப் பித்தநாளத்துக்குள்ளும் கணையக் குழாய்க்குள்ளும் நுழைவதைப் பதிவு செய்தார்கள். 1990-ல் லான்செட் இதழில் வந்த அவர்களுடைய கட்டுரையில் 500 நோயாளிகள். ஸ்கேன் திரையில் நாளத்துக்குள் பூச்சி நெளிவதையே பார்க்கலாம். ஆக, "பூச்சி" என்று சொன்ன பாட்டி முழுக்கத் தப்பு இல்லை! பூச்சி மருந்தால் தீரும் என்று விட்டுவிட்டதுதான் சில பிள்ளைகளுக்கு ஆபத்தானது. 2015-லிருந்து பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க நாள் நடத்தி அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு குழந்தை மாதத்துக்கு ஒருமுறை குனிந்து உட்கார்ந்தால் பூச்சியைக் குறை சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மற்ற கருவிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களில் வந்த சி.டி. ஸ்கேன் சின்னக் கல்லையும் காட்டும், அடிபட்ட கணையம் கிழிந்திருக்கிறதா என்றும் காட்டும். திடீர் அழற்சியில் முதல் ஓரிரு நாளில் எடுத்தால் திசு அழிந்த அளவு முழுதாகத் தெரியாது என்ற குறை உண்டு. அதைவிடப் பெரிய குறை கதிர்வீச்சு. 2008-ல் அமெரிக்கக் குழந்தைக் கதிரியலாளர்கள் 'மென்மையாகப் படமெடு' என்ற பொருளில் ஒரு இயக்கமே தொடங்கினார்கள். சிறுவயதில் எடுத்த சி.டி.க்கும் பின்னாளில் வரும் ரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டிகளுக்கும் உள்ள தொடர்பைப் பிரிட்டன் ஆய்வு ஒன்று 2012-ல் காட்டியது. ஆபத்து சிறியதுதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் ஒருமுறை வந்து போகிறவர்கள் இல்லையே. வாய் வழியாகக் குழாய் விட்டுச் சாயம் செலுத்தும் இ.ஆர்.சி.பி. 1968-ல் வந்தது, கல்லை எடுக்கலாம், ஸ்டென்ட் வைக்கலாம், ஆனால் அதுவே சிலருக்குக் கணைய அழற்சியைக் கிளப்பிவிடும். 1990களில் வந்த எம்.ஆர்.சி.பி. காந்தப் படத்திலேயே குழாயை வரைந்து காட்டியது. ஊசி இல்லை, கதிரும் இல்லை. அந்தச் சத்தமான குகைக்குள் ஐந்து வயதுக் குழந்தையை அசையாமல் படுக்கவைப்பதுதான் பாடு. பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும்.

நோய் இப்படி முன்கூட்டியே தெரியத் தொடங்கியதும் அதன் முகம் மாறியது. 2002-ல் ஹைதராபாத்தில் ஜி.ஆர். சந்தக் குழுவினர், கணையத்தின் சொந்த நொதி அதையே தின்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இந்த நோயாளிகள் பலரிடம் இருப்பதைக் கண்டார்கள். பிரேக் தேய்ந்த வண்டி மாதிரி. எல்லோரிடமும் இல்லை, இருப்பவர்கள் எல்லோருக்கும் நோயும் வருவதில்லை. 2008-ல் வி. பாலகிருஷ்ணன் தலைமையில் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வில் 1,086 நோயாளிகள். பழைய இலக்கணப்படியான வெப்பமண்டல நோய் என்று சொல்லத்தக்கவர்கள் 3.8 சதவீதம்தான், காரணம் தெரியாதவை 60 சதவீதத்துக்கும் மேல். கீவர்கீஸ் பார்த்த அந்த ஒட்டிய பிள்ளைகள் எங்கே போனார்கள்? வயிறு நிறையச் சாப்பிடும் தலைமுறை வந்தது ஒரு பதில். கல்லும் மெலிவும் வரும்வரை காத்திருக்காமல் ஸ்கேன் முன்னாலேயே பிடித்துவிடுகிறது என்பது இன்னொன்று. எவ்வளவு பங்கு எதற்கு என்று பிரிப்பது கஷ்டம்.

2012-ல் குழந்தைகளுக்கென்று தனியாக எழுதப்பட்ட வரையறையில், திடீர் கணைய அழற்சிக்கு மூன்றில் இரண்டு போதும்: வலி, ரத்தத்தில் அமைலேஸ் அல்லது லைப்பேஸ் மூன்று மடங்கு, படத்தில் மாற்றம். ஆகவே படம் இல்லாமலும் குழந்தையின் வலியை ஒத்துக்கொள்ளலாம். நாள்பட்டது என்று சொல்லத்தான் படம் கட்டாயம். அதாவது பழைய கல்லின் அதிகாரம் பாதி மட்டுமே குறைந்திருக்கிறது.

பொம்மையார்பாளையத்திலிருந்து இதையெல்லாம் பார்த்தால் நிலவரம் விசித்திரமானது. ஈ.சி.ஆரில் தெற்கே போனாலும் வடக்கே காலாப்பட்டு போனாலும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஊர் மட்டும் விழுப்புரம் மாவட்டம். மாவட்டத்தின் மருத்துவக் கல்லூரி 2010-லிருந்து முண்டியம்பாக்கத்தில். ஊர்க்காரர்கள் வாயில் "பெரிய ஆஸ்பத்திரி" என்றால் ஜிப்மர்தான், எல்லைக்கு அந்தப் பக்கம். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது; 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி, 1964-லிருந்து ஜிப்மர். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அங்கே கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். எம்.ஆர்.சி.பி. எடுக்கும் கருவி பஸ் தூரத்தில் இருக்கிறது. கீவர்கீஸ் காலத்துப் பிள்ளைக்கு இது கனவு.

சிக்கல் அதற்கு முந்தின படியில். தெருமுனை ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் ரிப்போர்ட்டில் ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் எல்லாம் நார்மல் என்று எழுதிவிட்டு, கணையத்துக்கு நேராக "குடல்வாயு மறைத்திருக்கிறது" என்று ஒரு வரி இருக்கும். ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். கீழே முடிவு: குறிப்பிடத்தக்க குறை எதுவும் இல்லை. வீட்டில் அதை எப்படி வாசிக்கிறார்கள் தெரியுமா? "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்." அப்புறம் மூன்றாவது சொல் திரும்ப வந்துவிடும். உண்மையில் அந்த வரிக்குப் பொருள், அன்று கணையத்தைப் பார்க்கவே இல்லை என்பது. பிள்ளையை வெறும் வயிற்றோடு இன்னொரு காலையில் வரச்சொல்லலாம். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து இரைப்பையை நிரப்பி, அந்தத் தண்ணீர் வழியாகப் பார்க்கலாம். உட்காரவைத்தோ ஒருக்களித்தோ திரும்ப முயலலாம். வலி இருக்கும் நாளிலேயே லைப்பேஸுக்கு ரத்தம் எடுக்கலாம், ஏனென்றால் சில நாள் போனால் அதுவும் இறங்கிவிடும். அடுத்த முறை யாராவது வீட்டில் அந்தத் தாளை நீட்டினால், கணையம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.